கூடுதல் கேஜை எங்கே பொருத்துவது? - டிரக் ஓட்டுநரின் கண்ணும் முள்ளும்

ஒரு டிரக்கின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது வட்ட வட்டமான மீட்டர்கள்தான். வேகம், டீசல், எஞ்சின் சூடு, ஆயில் பிரஷர், பிரேக்குக்கான காற்றழுத்தம்... இவையெல்லாம் ஏன் அந்தந்த இடத்தில் இருக்கின்றன? கம்பெனி கொடுத்த மீட்டர்கள் போதாது என்று ஓட்டுநர் கூடுதலாக ஒரு கேஜ் வாங்கி வந்தால் அதை எங்கே வைப்பது?

கேட்பதற்குச் சின்னக் கேள்வியாகத்தான் தெரியும். "எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைக்க வேண்டியதுதானே!" என்று சொல்லிவிடலாம். ஆனால் கொதித்துப்போன எஞ்சின்கள், விமானிகள் தவறாகப் படித்த முட்கள், கண்ணாடித் தூணுக்குப் பின்னால் மறைந்துபோகும் பாதசாரிகள் என்று இந்தக் கேள்விக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

சேறு தடுத்த பலகை

டாஷ்போர்டு என்ற சொல்லுக்கும் மீட்டருக்கும் ஆரம்பத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. குதிரை வண்டிக் காலத்தில் குதிரையின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறும் கல்லும் வண்டிக்காரர் மேல் படாமல் இருக்க முன்னால் ஒரு பலகை வைத்தார்கள். அதுதான் டாஷ்போர்டு. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் பலகை மட்டும் தங்கிவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் எஞ்சின், இந்தப் பக்கம் மனிதர். எதையாவது ஆணியடித்து மாட்ட அந்தப் பலகையை விட்டால் வேறு இடம் இல்லை. மீட்டர்கள் அங்கே வந்து சேர்ந்தது இப்படித்தான்.

தொடக்க காலத்தில் பெரும்பாலான மீட்டர்கள் "கூடுதல்" மீட்டர்கள்தான். ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1902ல் காந்தச் சுழற்சியால் இயங்கும் வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அடுத்த சில ஆண்டுகளுக்குப் பல வண்டிகளில் வேகமானி என்பது தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளாகவே இருந்தது. எங்கே மாட்டுவது என்பது வாங்கியவரின் இஷ்டம்.

1908ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரை எடுத்துக்கொள்ளுங்கள். உலகையே மாற்றிய அந்தக் காரில் பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் கிடையாது. முன் இருக்கையைத் தூக்கி, அடியில் இருக்கும் டாங்கின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டு அளந்து பார்க்க வேண்டும். சூடு காட்டும் கேஜும் இல்லை. 1917ல் ஃபோர்டு கம்பெனி இதே எஞ்சினை வைத்து மாடல் டிடி என்ற ஒரு டன் டிரக்கை விற்கத் தொடங்கியது. பாரம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிய வழியில்லை. ரேடியேட்டரில் இருந்து ஆவி கிளம்பினால்தான் தெரியும். அப்போது காலம் கடந்திருக்கும்!

வண்டிக்கு வெளியே ஒரு வெப்பமானி

இந்தச் சிக்கலுக்கு ஓர் அழகான தீர்வு 1910களின் தொடக்கத்தில் வந்தது. ஹாரிசன் பாய்ஸ் என்ற அமெரிக்கர் உருவாக்கிய "மோட்டோமீட்டர்" ரேடியேட்டர் மூடியின் மேலேயே திருகி வைக்கும் ஒரு வெப்பமானி. வட்டமான கண்ணாடி முகத்துக்குள் சிவப்பு நிறத் திரவம் ஏறி இறங்கும். முகம் ஓட்டுநரைப் பார்த்திருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மோட்டோமீட்டர் இருந்தது பானெட்டின் முன் நுனியில். அதாவது சாலையைப் பார்க்கும் கண் அதே பார்வையில் சூட்டையும் பார்த்துவிடும். தலையைக் குனிய வேண்டாம், திருப்ப வேண்டாம். பார்வைக்கோட்டில் கேஜை வைப்பது என்று இன்று பெரிதாகப் பேசப்படும் யோசனையை அந்தக் காலத்திலேயே ஒரு ரேடியேட்டர் மூடி செய்து காட்டிவிட்டது.

குறைகளும் இருந்தன. அது அளந்தது தண்ணீருக்கு மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான். இரவில் படிப்பது கடினம். எழுத்துகளைப் படிக்க முடியாத தூரத்தில் இருந்ததால் சிவப்புக் கோடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதை மட்டுமே பார்க்க முடிந்தது. பிறகு 1920களின் இறுதியிலும் 1930களிலும் ரேடியேட்டர் மூடி பானெட்டுக்குள் போய்விட்டது. மோட்டோமீட்டரின் காலமும் அதோடு முடிந்தது.

உள்ளே வந்த குழாய்கள்

கேஜ் வண்டிக்குள் வருவதற்கு வழி செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். யூஜின் போர்டான் என்பவர் 1849ல் காப்புரிமை பெற்ற வளைந்த குழாய்தான் அழுத்தமானியின் உயிர். தட்டையான குழாயை அரைவட்டமாக வளைத்து ஒரு முனையை மூடிவிட்டு, மறுமுனை வழியாக அழுத்தம் கொடுத்தால் குழாய் சற்றே நிமிரப் பார்க்கும். அந்த அசைவு பல்சக்கரம் வழியாக முள்ளைச் சுழற்றும். நீராவி எஞ்சின்களுக்காக வந்த இந்தக் கருவி அப்படியே மோட்டார் வண்டியின் ஆயில் பிரஷர் கேஜாக மாறியது.

சூடு காட்டும் கேஜும் அதே தத்துவம்தான். எஞ்சினில் செருகிய சிறு குமிழுக்குள் ஈதர் போல எளிதில் ஆவியாகும் திரவம். அங்கிருந்து மெல்லிய தாமிரக் குழாய் டாஷ்போர்டுக்கு வரும். சூடு ஏறினால் ஆவியழுத்தம் ஏறும், முள் நகரும். கரண்ட் எதுவும் தேவையில்லை.

ஆனால் இங்கே இடம் பற்றிய முதல் நிபந்தனை வந்துவிட்டது. அந்தக் குழாயை வெட்டவோ ஒட்டவோ முடியாது. உள்ளே இருப்பது வெளியேறினால் கேஜ் செத்துப்போகும். நீளம் அதிகமாக இருந்தால் சுருட்டித்தான் வைக்க வேண்டும். குறைவாக இருந்தால் குழாய் எட்டும் இடம்தான் கேஜின் இடம்! ஆயில் கேஜுக்கு இன்னொரு சிக்கல். கொதிக்கும் எஞ்சின் ஆயிலே ஒரு சிறு குழாய் வழியாகக் கேபினுக்குள் வருகிறது. அதிர்வில் குழாய் விரிந்தால் ஓட்டுநரின் காலில் சூடான எண்ணெய். அம்மீட்டரும் இதே ரகம். பழைய வண்டிகளில் பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் அதன் வழியாகவே போய்வந்தது. இணைப்பு தளர்ந்தால் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கும் அபாயம். பின்னாளில் அம்மீட்டர் ஒதுங்கி வோல்ட்மீட்டர் வந்ததற்கு இது முக்கியமான காரணம்.

ஆகவே கூடுதல் கேஜ் வாங்கியவர்கள் வழக்கமாக அதை டாஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிட்டார்கள். மூன்று கேஜ்களை ஒரு தகட்டில் வரிசையாகப் பதித்து, இரண்டு திருகு போட்டு மாட்டிவிடலாம். குழாய்க்கும் வயருக்கும் அருகில். வேலை சுலபம். ஆனால் பார்க்க வேண்டுமென்றால் தலையைக் குனிந்து முழங்கால் பக்கம் பார்க்க வேண்டும். சாலை அந்த நேரம் கண்ணில் இருக்காது.

இதற்கிடையில் கார் கம்பெனிகள் வேறு வழியைக் கண்டுபிடித்தன. 1930களில் அமெரிக்காவின் ஹட்சன் கார்கள் ஆயில் கேஜுக்கும் அம்மீட்டருக்கும் பதிலாகச் சிவப்பு விளக்குகளை வைத்தன. ஓட்டுநருக்குப் படிக்க வேண்டிய வேலையே இல்லை. மெக்கானிக்குகள் இதற்கு "முட்டாள் விளக்கு" என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அவர்கள் கேலியிலும் நியாயம் இருந்தது. விளக்கு எரியும்போது கெட்டது ஏற்கெனவே நடந்திருக்கும். முள்ளோ மெல்ல மெல்ல நகர்ந்து முன்கூட்டியே சொல்லும். பாரம் ஏற்றும் டிரக்குகளில் முள் கேஜ்கள் நீடித்ததற்கு இதுதான் காரணம்.

விமானிகள் கற்றுக்கொடுத்த பாடம்

கேஜை எங்கே வைப்பது என்ற கேள்வியை உண்மையிலேயே ஆராய்ந்தவர்கள் விமானத்துறையினர்தான். காரணம், அங்கே தவறுக்கு விலை உடனடி மரணம்.

ஆரம்பத்தில் அங்கேயும் குழப்பம்தான். 1926ல் வந்த ஃபோர்டு டிரைமோட்டார் விமானத்துக்கு மூன்று எஞ்சின்கள். இறக்கைகளுக்குக் கீழே இருக்கும் இரண்டு எஞ்சின்களின் கேஜ்கள் விமானிக்கு முன்னால் இல்லை. எஞ்சின் பக்கத்திலேயே வெளியே மாட்டியிருந்தார்கள். விமானி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படிக்க வேண்டும்! 1927ல் நியூயார்க்கில் இருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கின் விமானத்தில் திசைகாட்டியை வைக்கப் பொருத்தமான இடம் தலைக்கு மேலேதான் கிடைத்தது. அதைப் படிக்க ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைச் சூயிங்கம்மால் ஒட்டிக்கொண்டு முப்பத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க விமானப்படையின் ரைட் ஃபீல்டு ஆய்வகத்தில் பணியாற்றிய பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற உளவியலாளர்கள் 1947ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவிகளைப் படிப்பதில் விமானிகள் செய்த 270 தவறுகளைச் சேகரித்து வகைப்படுத்தினார்கள். மூன்று முட்கள் கொண்ட உயரமானியை ஆயிரம் அடி தவறாகப் படித்தவர்கள் இருந்தார்கள். ஒரு கேஜைப் பார்ப்பதாக நினைத்துப் பக்கத்துக் கேஜைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்ன முடிவு முக்கியமானது: இவை கவனமில்லாத மனிதர்களின் தவறுகள் அல்ல, கருவியின் வடிவமும் இடமும் மனிதரைத் தவறு செய்ய வைக்கின்றன. பின்னர் அதே குழு விமானிகளின் கண் எந்தக் கருவியில் இருந்து எந்தக் கருவிக்குத் தாவுகிறது என்று படம்பிடித்தே ஆராய்ந்தது.

இந்த ஆய்வுகளாலும் அனுபவத்தாலும் தேறிய விதிகளை இப்படிச் சொல்லலாம்.

1. அடிக்கடி பார்ப்பது நடுவில், எப்போதாவது பார்ப்பது ஓரத்தில்.
2. சேர்த்துப் பார்க்க வேண்டியவை அடுத்தடுத்து இருக்க வேண்டும்.
3. இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. கண் பழகிய இடத்தைத்தான் தேடும்.
4. எண்ணைப் படிக்க வைக்காதே, முள்ளின் சாய்வே செய்தி சொல்ல வேண்டும்.

நான்காவது விதியைப் பந்தயக்கார ஓட்டுநர்கள் அருமையாகப் பயன்படுத்தினார்கள். கேஜையே சற்றுத் திருப்பி மாட்டுவார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர் மேலே நிற்கும். எண்கள் சாய்ந்து கிடந்தால் என்ன? ஒரு முள் மட்டும் விலகினால் ஓரக்கண்ணிலேயே தெரிந்துவிடும்!

கண் முன்னால் விழும் கை

கனரக டிரக்குகளில் உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ள கேஜ் காற்றழுத்தம் காட்டுவது. பிரேக் காற்றால் இயங்குகிறது. காற்று போனால் பிரேக்கை நம்ப முடியாது. ஆனால் ஓட்டுநர் எப்போதும் அந்தக் கேஜையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பழைய அமெரிக்க டிரக்குகளில் இதற்கு "விக்வாக்" என்ற ஒரு சாதனம் இருந்தது. முன் கண்ணாடிக்கு மேலே ஒரு கை மடங்கி நிற்கும். காற்றழுத்தம் சுமார் 60 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் அந்தக் கை தானாகவே ஓட்டுநரின் பார்வைக்குக் குறுக்கே தொப்பென்று விழும். அழுத்தம் திரும்ப ஏறும்வரை தள்ளிவிட்டாலும் மேலே நிற்காது. ஓட்டுநரால் அதைப் புறக்கணிக்கவே முடியாது. 1975ல் அமலுக்கு வந்த அமெரிக்காவின் காற்று பிரேக் விதியும் இதே எண்ணத்தைத்தான் சட்டமாக்கியது. அழுத்தம் காட்டும் கேஜ் ஓட்டுநருக்குத் தெரிய வேண்டும். அது போதாது, 60 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் தனியாக எச்சரிக்கையும் வேண்டும்.

டர்போவும் பைரோமீட்டரும்

கூடுதல் கேஜ் மோகம் சாதாரண டிரக் சொந்தக்காரர்களிடம் பரவியதற்குக் காரணம் டர்போ டீசல். 1989ல் டாட்ஜ் நிறுவனம் தன் பிக்கப் டிரக்கில் கம்மின்ஸின் 5.9 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினை வைத்தது. 160 குதிரைத்திறன்தான். ஆனால் இழுவை அபாரம். டிரெய்லர் இழுப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். எரிபொருள் பம்பைக் கொஞ்சம் திருகினால் சக்தி இன்னும் கூடும் என்பதும் சீக்கிரமே பரவிவிட்டது.

அங்கேதான் ஆபத்து. டீசல் எஞ்சினில் காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் போனால் வெளியேறும் வாயுவின் சூடு எகிறும். பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். உள்ளே குளிர்ந்த காற்றும் ஆயிலும் பிஸ்டனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதால் கொஞ்சம் தாங்கும். ஆனால் எக்ஸாஸ்ட் சூடு சுமார் 675 டிகிரியைத் தாண்டி நீண்ட ஏற்றத்தில் நீடித்தால் பிஸ்டன் போய்விடும் என்பது ஓட்டுநர்கள் வைத்திருந்த கணக்கு. இதைக் கூலன்ட் கேஜ் காட்டாது. தண்ணீர் சூடேற நிமிடங்கள் ஆகும், எக்ஸாஸ்ட் சூடேறச் சில நொடிகள் போதும். எனவே பைரோமீட்டர், டர்போ அழுத்தம் காட்டும் பூஸ்ட் கேஜ், கியர்பாக்ஸ் சூடு காட்டும் கேஜ் என்று மூன்றை வாங்கி மாட்டத் தொடங்கினார்கள்.

பைரோமீட்டரில் முள்ளின் இடம் மட்டுமல்ல, உணரியின் இடமும் முக்கியம். டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் துளை போட்டு வைத்தால் உண்மையான சூடு தெரியும். ஆனால் துளையிடும்போது இரும்புத்தூள் டர்போவுக்குள் போய்விடுமோ என்ற பயம். டர்போவுக்குப் பின்னால் வைப்பது சுலபம். ஆனால் டர்பைன் அந்த வாயுவின் ஆற்றலைக் கறந்துவிடுவதால், பாரம் இழுக்கும் நேரத்தில் அங்கே சூடு நூறு டிகிரிக்கு மேல் குறைவாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி மிதித்தால் கேஜ் இருந்தும் பயனில்லை.

சரி, முள்ளை எங்கே வைப்பது? டாஷ்போர்டுக்கு அடியில் என்றால் குனிய வேண்டும். கியர் பக்கத்தில் கன்சோலில் வைத்துப் பார்த்த கார் கம்பெனிகள் உண்டு. 1960களின் கடைசியில் வந்த கேமரோ கார்களில் அப்படி ஒரு வசதி இருந்தது. பார்க்க அழகு, படிக்கக் கஷ்டம். பான்டியாக் நிறுவனம் 1967ல் நேரெதிராக ஆர்பிஎம் மீட்டரைப் பானெட் மேலேயே வைத்தது. பார்வைக்கு அருமையான இடம். ஆனால் மழையும் வெயிலும் தூசியும் அதன் மேலேயே!

டிரக்காரர்கள் கண்டுபிடித்த இடம் வேறு. முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையில் இருக்கும் தூண், அதாவது ஏ பில்லர். 52 மில்லிமீட்டர் கேஜ்கள் இரண்டோ மூன்றோ ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் பிளாஸ்டிக் உறைகள் 1990களில் பெரிய அளவில் விற்பனையாயின. கண்ணின் உயரத்திலேயே முள். தலை குனியவே வேண்டாம். குழாயை உள்ளே இழுத்துவர வேண்டிய பழைய தொல்லையையும் மின் உணரிகள் தீர்த்துவிட்டன. கூடுதல் கேஜுக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றே பலரும் நினைத்தார்கள்.

தூணில் வந்த சிக்கல்

ஆனால் பார்வைக்கு நல்ல இடம் என்றால், பார்வையை மறைக்கவும் அதுவே நல்ல இடம் அல்லவா!

மனிதரின் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர் இடைவெளி. அதைவிட ஒல்லியான பொருள் எதிரே இருந்தால் ஒரு கண்ணுக்கு மறைவது மற்ற கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைவிடத் தடிமனானால் மறைவிடம் உருவாகும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கண்ணில் இருந்து 70 சென்டிமீட்டர் தூரத்தில் 100 மில்லிமீட்டர் அகலத் தூண் இருந்தால், 10 மீட்டர் தள்ளி சுமார் 57 சென்டிமீட்டர் அகலம் இரண்டு கண்களுக்கும் தெரியாது. ஒரு மனிதர் நிற்கும் அகலம். அந்தத் தூணில் 60 மில்லிமீட்டர் கூடுதலாகத் துருத்தும்படி ஓர் உறையை மாட்டினால் மறையும் அகலம் சுமார் 1 மீட்டர் 42 சென்டிமீட்டர் ஆகிவிடும். தூண் பெருத்தது ஒன்றரை மடங்குதான், மறைவிடம் பெருத்தது இரண்டரை மடங்கு. ஒரு தாயும் கையைப் பிடித்து நடக்கும் குழந்தையும் முழுதாக மறையலாம். அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். சந்திப்பில் இடப்பக்கம் திரும்பும்போது சாலையைக் கடப்பவர்கள் இருப்பது சரியாக அந்தத் தூணின் பின்னால்தான்.

இன்னொரு சிக்கல் விபத்து நேரத்தில். மோதலில் தலை போய் இடிக்கக்கூடிய இடங்களில் ஏ பில்லர் ஒன்று. 1995ல் அமெரிக்க அரசு தூண்களுக்கும் கூரை ஓரங்களுக்கும் தலைப் பாதுகாப்பு விதியைக் கொண்டுவந்தது. உள்பூச்சுகள் மென்மையாக்கப்பட்டன. அந்த மென்மைக்கு மேல் ஒரு கடினமான உலோக வளையத்தை மாட்டினால் விதியின் நோக்கமே போய்விடுகிறது. 1998ல் வால்வோ எஸ்80 காரில் வந்ததைப் போன்ற திரைக் காற்றுப்பைகள் பிறகு டிரக்குகளுக்கும் வந்தன. அவை கூரை ஓரத்திலும் தூண் பக்கத்திலும் மடங்கிக் கிடப்பவை. அந்தப் பை விரியும் பாதையில் கேஜ் உறை இருந்தால் பை சரியாக விரியாமல் போகலாம், உறை பிய்த்துக்கொண்டு பறக்கவும் கூடும். 1990களின் டிரக்குக்குப் பொருத்தமாக இருந்த இடம் அடுத்த தலைமுறை டிரக்குக்கு ஆபத்தானது இப்படித்தான்.

திரைகளின் காலம்

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் ஓபிடி இரண்டு என்ற பொது இணைப்பு கட்டாயமானது. எஞ்சின் கணினிக்குத் தெரிந்தவற்றை ஒரு சின்னத் திரையில் வாசிக்கலாம். 2007ல் கடுமையான புகை விதிகள் வந்தபோது டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டியோடு எக்ஸாஸ்ட் சூட்டு உணரிகளும் கம்பெனியிலேயே வந்துவிட்டன. துளை போடும் வேலையும் பலருக்கு மிச்சம்.

ஆனால் இடம் பற்றிய கேள்வி மிச்சமாகவில்லை. திரையையும் எங்காவது ஒட்டத்தானே வேண்டும்! கலிஃபோர்னியா சட்டம் முன் கண்ணாடியில் கருவி ஒட்டுவதற்கு இடத்தையே அளந்து கொடுத்திருக்கிறது: ஓட்டுநர் பக்கத்துக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரம், எதிர்ப் பக்கத்துக் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரம். 2013ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல் ஓட்டுநரின் ஒரு பார்வை சாலையை விட்டு 2 நொடிக்கு மேல் விலகக் கூடாது என்றது. 100 கிலோமீட்டர் வேகத்தில் 2 நொடி என்றால் 55 மீட்டர். அவ்வளவு தூரம் டிரக் கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறது என்று அர்த்தம்.

எண்கள் ஒளிரும் திரையில் இன்னொரு இழப்பும் உண்டு. எண்ணைப் படிக்க வேண்டும். முள்ளைப் பார்த்தால் போதும்.

முடிவாக...

கூடுதல் கேஜை எங்கே பொருத்துவது என்ற கேள்விக்கு வரலாறு ஒரே ஓர் இடத்தைப் பதிலாகச் சொல்லவில்லை. பானெட் நுனி, டாஷ்போர்டின் அடி, தலைக்கு மேல், தூணின் ஓரம் என்று எல்லா இடங்களும் ஒவ்வொரு காலத்தில் சரியாக இருந்து, வண்டி மாறியதும் தவறாகிப் போயின. பொதுவாக நிலைத்தது டாஷ்போர்டின் மேல் விளிம்பு. கண் அதிகம் இறங்க வேண்டாம், கண்ணாடியையும் மறைக்காது, காற்றுப்பையின் பாதையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

கேஜ் வாங்குகிறவர் எஞ்சினைக் காப்பாற்றத்தான் வாங்குகிறார். அது நியாயமான ஆசை. ஆனால் அந்த முள் எஞ்சினைக் காட்டுவதற்காகச் சாலையில் நடப்பவரை மறைக்கிறது என்றால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. திருகைத் துளைக்கும் முன்பு இருக்கையில் உட்கார்ந்து, உறையைக் கையால் பிடித்து வைத்து, வழக்கமாகத் திரும்பும் திசையில் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். இடம் தானாகவே தெரிந்துவிடும்.